நீளத்தைக் குறையுங்கள், அகலத்தில் கை வைக்காதீர்கள்

சென்னை அடுக்ககங்களில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குள்ளேயே ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கும் கணவன் மனைவியருக்கு,



வீடுகளுக்கு மரவேலை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தீர்கள். ஊரடங்கு போய்விட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வீட்டிலிருந்து வேலை என்பது உங்களில் பலருக்கு நிலைத்துவிட்டது. உட்காரும் இடம் மட்டும் இன்னும் அன்றைக்குச் சமாளித்தபடியேதான் இருக்கிறது. கட்டில்மேல் குட்டி லேப்டாப் ஸ்டாண்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு முனை, சமையலறை மேடையின் ஓரம்.

கடைசியில் ஒருநாள் மேசை வாங்கியே தீருவது என்று முடிவெடுக்கிறீர்கள். அப்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இடத்தை அடைக்கக் கூடாது, பார்க்கவும் நல்லா இருக்கணும்." இரண்டுமே நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசைக்குக் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது நாலடி நீளமும் பதினாறு அங்குல அகலமும் உள்ள ஒரு மெல்லிய பலகையை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, படத்தில் அம்சமாகத் தெரியும். அதை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். சுவரை ஒட்டி ஓடும் நீளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். சுவரிலிருந்து உங்களை நோக்கி வரும் அகலத்தில் குறைத்தால் அதை உங்கள் கண்ணும் கழுத்தும்தான் தாங்கவேண்டும்.

கணக்கு எளிது. திரை கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு கை நீட்டும் தூரத்தில், அதாவது இருபது அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மானிட்டர் என்றால் அதன் ஸ்டாண்டே ஏழெட்டு அங்குலம் பிடித்துக்கொள்ளும். பதினாறு அங்குலப் பலகையில் அதை வைத்துவிட்டால் திரை மூக்குக்கு நேரே வந்துவிடும், கீபோர்டுக்கு முன்னால் மணிக்கட்டு ஊன்ற இடமிருக்காது. இரண்டடி அகலம் இருந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும். லேப்டாப் மட்டும்தானே என்பீர்கள். லேப்டாப்பை மேசைமேல் வைத்துக் குனிந்து பார்ப்பதால்தான் பின்கழுத்து வலிக்கிறது. நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை ஏற்றி, தனிக் கீபோர்டு, மவுஸ் வைத்துக்கொண்டால் கழுத்து நிமிரும். அப்படிச் செய்த அன்றே உங்களுக்கும் இரண்டடி தேவைப்பட்டுவிடும்.

நீளத்துக்கு மூன்றடி போதும். ஒரு மானிட்டர், ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில் தாராளமாக இருக்கும். முட்டி இடிக்காமல் உட்கார இரண்டடி இடைவெளி போதும் என்பதால் இரண்டரை அடியில்கூட ஒப்பேற்றலாம். இரண்டு திரை வைப்பவர்கள் மட்டும் மூன்றரைக்குப் போங்கள். "நாலுக்கு ரெண்டு போட்றலாமா?" என்று ஆசாரி கேட்பார். அது ப்ளைவுட் ஷீட்டுக்கு வசதியான அளவு. எட்டுக்கு நாலு ஷீட்டிலிருந்து மீதமில்லாமல் நாலு பலகை வரும். உங்கள் அறைக்கு அது வசதியா என்பது வேறு கேள்வி.

பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கச் சுவர் முழுக்க இரண்டடி ஆழத்தில் அலமாரி, எதிர்ச்சுவரை ஒட்டி ஐந்தடி அகலக் கட்டில். நடுவில் மிஞ்சுவது மூன்றடி நடைபாதை. இதில் மேசை எங்கே போடுவது என்று மலைத்துப்போய், கட்டிலின் கால்மாட்டில் மிச்சமிருக்கும் சந்தில் ஒரு பதினாறு அங்குலப் பலகையைத் திணிக்கிறீர்கள். அதற்குப் பதில் அந்த நடைபாதையின் தலைமாட்டு முனையைப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சைடு டேபிளை எடுத்துவிட்டால், தலைமாட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலத்துக்கு இடம் திறக்கிறது. நாற்காலி நடைபாதையிலேயே பின்னால் நகரும். இரவில் அந்த மேசையே கண்ணாடிக்கும் செல்போனுக்கும் சைடு டேபிள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேசையை ஒட்டிவரும் முதல் இரண்டடி அலமாரிக்குக் கதவு திறக்காது. புதிதாக அலமாரி செய்பவர்கள் அந்த இரண்டடியை விட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் கதவைக் கழற்றிவிட்டு மேசையோடு சேர்ந்த புத்தக அடுக்காக ஆக்கிவிடலாம்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். அலமாரிக்குள்ளேயே மேசை. நம் வீட்டு அலமாரிகளின் ஆழம் இரண்டடி. சரியாக ஒரு மேசையின் அகலம். மூன்றடி நீளமுள்ள ஒரு பகுதியைக் காலிசெய்து, உள்ளே இருபத்தேழு அங்குல உயரத்தில் ஒரு பலகை, அதற்குமேல் ஒரு தட்டு, தட்டின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை. பின்பலகையில் வயர் போக ஒரு துளை. அடாப்டர் சூடு வெளியேற மேலே கொஞ்சம் இடைவெளி. மாலையில் கதவைச் சாத்தினால் அறை மறுபடியும் படுக்கையறை. அங்கிருந்த புடவைகளும் போர்வைகளும் பரணுக்கு ஏறவேண்டியிருக்கும். வருஷத்தில் ஒருமுறை எடுக்கும் பட்டுப்புடவைக்கு இடுப்புயரத்தில் இடம் கொடுத்துவிட்டு, தினமும் எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு இடமில்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

மடக்கு மேசையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எல்லோரும் விரும்பிக் கேட்பது அதைத்தான். சுவரில் பொருத்தி, வேலை முடிந்ததும் மடக்கிவிடும் பலகை. யோசனை நல்லது. ஆனால் மடக்கவேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் முதலில் எடுக்கவேண்டும். மானிட்டரை எடு, விளக்கை எடு, பேனா டப்பாவை எடு. தினமும் மாலையில் யாரும் இதைச் செய்யப்போவதில்லை. ஒரு மாதத்துக்குள் அது விரித்தபடியே நிற்கும். நான் செய்து கொடுப்பது பாதி நிலையாக, பாதி மடக்காக: சுவரோடு ஒன்பது அங்குலத்துக்கு ஒரு நிலையான தட்டு, அதன் முன்விளிம்பில் நீளமான பியானோ கீல் போட்டுத் தொங்கும் பதினைந்து அங்குலப் பலகை. அடியில் இரண்டு மடக்கு பிராக்கெட். மானிட்டரும் விளக்கும் தட்டிலேயே இருக்கும். கீபோர்டையும் நோட்டையும் மட்டும் தட்டுக்குத் தள்ளி, பிராக்கெட்டின் கொக்கியை அழுத்தினால் பலகை கீழே இறங்கித் தட்டின் முன்விளிம்பிலிருந்து நேராகத் தொங்கும். விரித்தால் இரண்டடி, மடக்கினால் ஒன்பது அங்குலமும் பலகைத் தடிமனும்தான். குழந்தை ஓடி விளையாட ஒன்றேகால் அடி திரும்பக் கிடைக்கிறது.

சுவரில் எதைப் பொருத்துவதற்கு முன்பும் அது என்ன சுவர் என்று பாருங்கள். ட்ரில் போடும்போது விழும் பொடியே சொல்லிவிடும். சிவப்புப் பொடி வந்தால் செங்கல், பயமில்லை. பூச்சைத் தாண்டி உள்ளே போகும் நீளமான பிளக்கும் ஸ்க்ரூவும் போதும். சாம்பல் பொடி வந்து, பிட் உள்ளே போகாமல் கத்தினால் கான்கிரீட் சுவர். அதற்கு ஹேமர் ட்ரில்லும் ஆங்கர் போல்ட்டும் வேண்டும். வெண்ணெயில் இறங்குவதுபோல ட்ரில் இறங்கி, வெள்ளையாக, லேசான சுண்ணாம்புப் பொடி கொட்டினால் அது ஏ.ஏ.சி. பிளாக். புதிய அடுக்ககங்களில் பெரும்பாலும் உட்சுவர்கள் இப்படித்தான். சாதாரண பிளக் அதில் சில மாதத்தில் ஆட ஆரம்பித்துவிடும். அந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீள நைலான் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் எடையைத் தரைக்கு இறக்கும் கால் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மடக்குப் பலகைமேல் என்றாவது ஒருநாள் பிள்ளை ஏறி உட்காரும் என்று எண்ணியே பொருத்தவேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளை போடவே கூடாது. உள்ளே வயர் போகும் பாதை பெரும்பாலும் அதுதான்.

உயரத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதை யாரும் கேட்பதே இல்லை. கடை மேசையும் சாப்பாட்டு மேசையும் ஏறக்குறைய முப்பது அங்குலம். ஷூ போட்ட காலோடு உட்காரும், நம்மில் பலரைவிட உயரமான ஒருவருக்கு அது பொருந்தும். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கிறோம். கீபோர்டு தட்டும்போது முழங்கை இருக்கும் உயரத்தில் மேசை இருக்கவேண்டும் என்பதுதான் விதி. ஐந்தடி எட்டு அங்குல ஆணுக்கே, பாதம் தரையில் பட உட்கார்ந்தால் முழங்கை இருபத்தாறு, இருபத்தேழு அங்குலத்தில்தான் வரும். ஐந்தடி ஒரு அங்குலப் பெண்ணுக்கு அது இருபத்து நாலு. முப்பது அங்குல மேசையில் அவர் தோளைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறார். மாலையில் தோள்பட்டையில் தைலம் தேய்க்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பலருடைய மேசை சாப்பாட்டு மேசையாகத்தான் இருக்கும்.

ஆகவே ஆசாரியிடம் இருபத்தேழு என்று சொல்லுங்கள். "ஸ்டாண்டர்டு முப்பதுங்க" என்பார். பரவாயில்லை, இருபத்தேழு. உயரம் குறைந்தவர் நாற்காலியை ஏற்றி உட்கார்ந்துகொண்டு காலடியில் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம். பந்தியில் உட்காரும் அந்த மணைப்பலகையின் உயரம்தான் இங்கே குறைகிற இரண்டு மூன்று அங்குலம். பலகைக்கு அடியில் டிராயர் மட்டும் வேண்டாம். நாலங்குல டிராயர் வந்துவிட்டால் தொடை இடிக்கிறது, தொடை இடித்தால் மேசையை உயர்த்துகிறார்கள், மறுபடியும் முப்பது. டிராயர் கட்டாயம் வேண்டுமென்றால் சக்கரம் வைத்த தனிப்பெட்டியாகச் செய்து பக்கத்தில் நிறுத்துங்கள்.

மோட்டார் வைத்து ஏறி இறங்கும் மேசை வாங்குபவர்கள் மேலே எவ்வளவு போகும் என்று மட்டும் பார்க்கிறார்கள். கீழே எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். இரண்டு அடுக்குக் கால் உள்ளவை பெரும்பாலும் எழுபது சென்டிமீட்டருக்குக் கீழே வராது. அது இருபத்தேழரை அங்குலம். மூன்று அடுக்குக் கால் அறுபதை ஒட்டி இறங்கும். வீட்டில் குள்ளமானவர் ஒருவர் அதைப் பயன்படுத்தப்போகிறார் என்றால் அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது தகும்.

தரையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நம்மிடமே ஒரு மேசை உண்டு. மண்டிகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் இருந்த கணக்குப்பிள்ளை மேசை: முழங்கால் உயரத்துக்கும் குறைந்த பெட்டி, தன்னை நோக்கிச் சாய்ந்த மூடி, மூடியைத் தூக்கினால் உள்ளே கணக்குப் புத்தகம், மைக்கூடு. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் இப்போதும் கிடைக்கும். சின்ன வீட்டுக்கு இதைவிட இடத்தை மிச்சப்படுத்தும் மேசை இல்லை. ஆனால் அது எழுதுவதற்குச் செய்தது, நாள் முழுக்க லேப்டாப் பார்ப்பதற்கல்ல. படிக்க, கையெழுத்துப் போட, ஒரு மணி நேரம் போன் பேச என்று வைத்துக்கொண்டால் கூடத்தின் மூலைக்கு அதைப்போல அழகு சேர்ப்பது வேறில்லை.

அழகு என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன அறையில் மேசை அழகாகத் தெரிவதற்கு முதல் காரணம் அதன் அடியில் தரை தெரிவது. பக்கப் பலகைகள் வைத்து மூடிய மேசை அறையைச் சுருக்கிக் காட்டும். மெல்லிய நாலு கால், அல்லது சுவரில் பிடித்த பலகையும் ஒரே ஒரு காலும் இருந்தால் அதே அளவு மேசை பாதியாகத் தெரியும். பலகை மெலிதாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு எம்.எம். ப்ளைவுட் போடாதீர்கள், வளைந்துவிடும். பத்தொன்பது எம்.எம். போட்டு, முன்விளிம்பின் அடிப்பக்கத்தைச் சாய்வாக இழைக்கச் சொல்லுங்கள். பார்வைக்குப் பத்து எம்.எம். போலத் தெரியும், பலம் குறையாது. மேல்விளிம்பை லேசாக உருட்டியே ஆகவேண்டும். வெட்டிய மைக்காவின் கூர்முனையில் நாள் முழுக்கக் கை ஊன்றினால் முன்கையில் சிவப்பாகக் கோடு விழும். பளபளக்கும் வெள்ளை மைக்கா வேண்டாம். மேலே இருக்கும் டியூப்லைட் அப்படியே அதில் தெரிந்து கண்ணைக் கூசவைக்கும். வாசற்கதவின் தேக்கு நிறத்துக்குப் பொருந்தும் மேட் மைக்காவோ வெனீரோ நல்லது. கண்ணாடி மேசையில் மவுஸ் ஓடாது, விரல் ரேகை போகாது.

பல்லாவரம் வெள்ளிச்சந்தையில் பழைய தையல் மெஷினின் இரும்புக் காலை வாங்கி, மேலே பலகை போட்டு மேசையாக்கும் ஆசை பலருக்கு இருக்கிறது. எனக்கும் அந்தக் காலின் பூவேலைப்பாடு பிடிக்கும். மேலே இரண்டடி அகலப் பலகை போடுங்கள். பக்கச் சக்கரம் முட்டியில் இடிக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தபிறகு காசைக் கொடுங்கள்.

ரெடிமேடு வாங்குபவர்கள் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டு என்றால் ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே ஸ்க்ரூ பிடிமானம் தளர்ந்துவிடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு அது ஆகாது. நட்டும் போல்ட்டும் வைத்துக் கால் கழற்றும்படி செய்த ப்ளைவுட் மேசை எத்தனை வீடு மாறினாலும் லிஃப்டில் ஏறி இறங்கும். செய்யச் சொல்பவர்கள் ப்ளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் ரகம் அது. மரக்கால் தரையில் நேராகப் படவேண்டாம். தினமும் மாப் போடும் தண்ணீர் அடியில் ஊறும். ரப்பர் புஷ் போட்டுக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

மேசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிளக் பாயிண்ட் இல்லாத சுவரில் அது வீண். நம் அறைகளில் பிளக் பெரும்பாலும் கதவுப்பக்க சுவிட்ச் போர்டில், நாலடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து வயர் தொங்கிவந்து மேசைக்கு மேலே குறுக்கே போகும். எலக்ட்ரீஷியனை வைத்து மேசைப் பலகைக்குச் சற்று மேலே ஒரு பாயிண்ட் எடுங்கள். அது இன்வெர்ட்டர் லைனில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மீட்டிங் நடுவே கரண்ட் போனால் வைஃபை பெட்டிக்கும் அதே லைன்தான் உயிர். ஜன்னல் இடது பக்கமோ வலது பக்கமோ வரட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், வீடியோவில் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்தால் மே மாதப் பிற்பகலில் வேலை ஓடாது. பால்கனியை அடைத்து மேசை போட நினைப்பவர்களும் இந்த வெயிலையும் ஐப்பசிச் சாரலையும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் ஒரு மேசைக்கு. ஆனால் இந்த மடலை இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் போன வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: கதவு சாத்தும் அறையும் மேசையும் கணவருக்கு, சாப்பாட்டு மேசை மனைவிக்கு. அவருக்கும் அதே மாதிரி மீட்டிங், அதே மாதிரி கெடு. ஆனால் குக்கர் விசில் வந்தால் எழுந்திருக்க வசதியாக அவர் கூடத்தில் உட்காரவேண்டும், மதியம் தட்டு வைக்க லேப்டாப்பை ஒதுக்கவேண்டும். இதை யாரும் பேசி முடிவெடுப்பதில்லை, அப்படியே அமைந்துவிடுகிறது. ஐந்தடி நீளத்தில் ஒரே பெரிய மேசை வாங்கி ஒருவர் உட்காருவதைவிட, இரண்டரை அடியில் இரண்டு மேசை, ஒன்று தலைமாட்டில், ஒன்று இன்னொரு அறையின் அலமாரிக்குள் என்று பிரித்தால் இருவருக்கும் கதவு கிடைக்கும். செலவு பெரிதாகக் கூடாது, ப்ளைவுட் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டாவது அறை பிள்ளைகளுடையது என்றால் அவர்கள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்துக்கு அம்மாவின் மேசை, மாலையில் அவர்களுடைய வீட்டுப்பாட மேசை.

ஆசாரி அளவெடுக்க வரும் அன்றைக்கு இருவருமே வீட்டில் இருங்கள். சுவரை அளந்து முடித்ததும் டேப்பை அவரிடமிருந்து வாங்கி, ஒருவர் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார, இன்னொருவர் தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, பிறகு இடம் மாறி அளந்து, இரண்டு எண்ணையும் அவர் கையில் இருக்கும் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே சின்ன வீட்டில் இருக்கும் ஒரு மரவேலை வடிவமைப்பாளர்